ஆண்டர்ஸ் இல்லாத ஆண்டர்சன்கள்

உலகெங்கும் குழந்தைகள் கொண்டாடும் குறும்புக்காரச் சிறுமி பிப்பிக்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத முழுப்பெயர் உண்டு. அதில் கடைசிக்கு முந்தைய சொல் ‘எஃப்ராயிம்ஸ்டொட்டர்’. எஃப்ராயிமின் மகள் என்று பொருள். பிப்பியின் அப்பா கப்பல் கேப்டன் எஃப்ராயிம்தான். பெயர் சொல்வதும் நிலவரமும் ஒத்துப்போகின்றன. ஆனால் 1945-இல் அவளைப் புத்தகத்தில் உலவவிட்ட ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் சொந்தப் பெயர்க்கதை வேறு. 1907-இல் விம்மர்பி ஊரையொட்டிய பண்ணையில் பிறந்தபோது அவர் ஆஸ்ட்ரிட் எரிக்சன். எரிக்கின் மகன் என்று அர்த்தம். அவர் மகனும் இல்லை, அவருடைய அப்பா பெயர் எரிக்கும் இல்லை. அப்பா சாமுவேல் ஆகஸ்ட், அவரும் எரிக்சன்.

ஸ்வீடனில் ‘சன்’ என்று முடியும் பெயர்களுக்கு அகராதிப் பொருள் சொல்வது அரை நிமிட வேலை. ஆண்டர்சன் என்றால் ஆண்டர்ஸின் மகன், நில்சன் என்றால் நில்ஸின் மகன். அந்தப் பொருள் எந்தத் தலைமுறை வரை உண்மையாக இருந்தது, எந்தத் தலைமுறையில் வெறும் ஒட்டாக மாறியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்நாட்டில் மிகப் பரவலான பத்துக் குடும்பப் பெயர்களும் இந்த ரகமே: ஆண்டர்சன், யோஹான்சன், கார்ல்சன், நில்சன், எரிக்சன், லார்சன், ஊல்சன், பேர்சன், ஸ்வென்சன், குஸ்தாவ்சன். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் முதல் இரண்டு பெயர்களையும் தலா 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் வைத்திருக்கிறார்கள். அத்தனை ஆண்டர்சன்களுக்கும் பொதுவான முன்னோர் ஒருவர் இருந்ததே இல்லை. ஊருக்கு ஊர் ஓர் ஆண்டர்ஸ் இருந்தார், அவ்வளவுதான்.

பழைய முறையை ஒரு குடியானவர் வீட்டை வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்காரர் லார்ஸ் ஆண்டர்சன். ஆண்டர்ஸ் என்பவரின் மகன். மனைவி ஆன்னா பேர்ஸ்டொட்டர். பேர் என்பவரின் மகள். கல்யாணம் ஆனதால் அவர் பெயர் மாறவில்லை, ஏனென்றால் கல்யாணத்தால் அப்பா மாறுவதில்லை. மகன் நில்ஸ் லார்சன், மகள் காரின் லார்ஸ்டொட்டர். நாளைக்கு நில்ஸுக்குப் பிள்ளை பிறந்தால் அது நில்சன் அல்லது நில்ஸ்டொட்டர். தாத்தா ஆண்டர்ஸின் பெயர் பேரப்பிள்ளைகளின் எந்தப் பெயரிலும் ஒட்டாது. ஒரே கூரையின் கீழ் நான்கு பேர், நான்கு பின்பெயர். இனிஷியல் போட்டே பழகிய தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாம் முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருக்குவதை அவர்கள் பின்னால் முழுசாக, மகனா மகளா என்பதையும் சேர்த்து எழுதினார்கள்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. அப்பாவின் பெயரோடு ‘உடைய’ என்ற பொருளில் ஓர் ‘எஸ்’, அதன் பின்னால் ‘சன்’: கார்ல், எஸ், சன். ஆண்டர்ஸ், லார்ஸ், நில்ஸ் போன்றவை ஏற்கெனவே ‘எஸ்’ஸில் முடிவதால் கூடுதல் எழுத்து வேண்டியதில்லை. எப்படியும் நடுவே இரட்டை ‘எஸ்’ வந்துவிடும். ஸ்வீடியப் பெயரின் அங்க அடையாளம் அது. ‘சென்’ என்று முடிந்தால் டென்மார்க் அல்லது நார்வே. ஸ்வீடன் வம்சாவளிக்காரர் ஒற்றை ‘எஸ்’ஸோடு எழுதினால், அவருடைய முன்னோர் அமெரிக்கா போய்த் திரும்பாதவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அரண்மனைக்கும் இதே முறைதான். 13-ஆம் நூற்றாண்டில் நாட்டின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்த பிர்யெர் யார்ல், மாக்னுஸின் மகன். எனவே பிர்யெர் மாக்னுசன். அவர் மகன் அரசர் மாக்னுஸ் பிர்யெர்சன். அவருக்குப் பிறந்த கோமகன் எரிக் மாக்னுசன். எரிக்கின் மகன், 1319-இல் மூன்று வயதில் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாக்னுஸ் எரிக்சன். வம்சாவளிப் பட்டியலே வேண்டாம், பெயர்களை வரிசையாகப் படித்தால் போதும். படிக்கட்டில் ஏறுவதுபோலத் தலைமுறைகள் தெரியும். 1523-இல் அரியணை ஏறிய குஸ்தாவ் வாசாவைக்கூட அவர் காலத்தவர் குஸ்தாவ் எரிக்சன் என்றே அறிந்திருந்தார்கள்; ‘வாசா’ பின்னால் வந்தவர்கள் நிலைக்க வைத்த அடைமொழி. அவர் மகன் பதினான்காம் எரிக் ஒரு சாதாரணப் படைவீரரின் மகளை மணந்து 1568-இல் ராணியாக்கினார். முடிசூடிய பிறகும் வரலாறு அவரை காரின் மோன்ஸ்டொட்டர் என்றுதான் அழைக்கிறது: மோன்ஸின் மகள் காரின்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ரூன் எழுத்துக் கற்களே சாட்சி. 11-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில், குறிப்பாக உப்லாந்துப் பகுதியில், நடப்பட்ட நூற்றுக்கணக்கான கற்களில் இன்னார் தம் தகப்பன் இன்னாருக்காக இந்தக் கல்லை நட்டார் என்பதே வாசகம். அபூர்வமாகத் தாயின் பெயரும் வந்தது. 1047 முதல் 1076 வரை டென்மார்க்கை ஆண்ட ஸ்வென் எஸ்ட்ரிட்சன் தம் தாய் எஸ்ட்ரிட்டின் பெயரால் அறியப்பட்டார். அரியணைக்கு அவர் உரிமை கோரியது தாய்வழியில்தானே.

அந்த அப்பாக்கள் யார் யார்? பெயர்களுக்குள் புகுந்து பார்த்தால் திருச்சபையின் செல்வாக்கு பளிச்சென்று தெரியும். ஆண்டர்ஸ் என்பது அப்போஸ்தலர் அந்திரேயா. நில்ஸ் என்பது புனித நிக்கோலாஸ். லார்ஸ், ரோமில் உயிர்த்தியாகம் செய்த லாரன்ஸ். பேர் என்பவர் பேதுரு. அதே பேதுரு இன்னொரு வடிவில் பெட்டர் ஆகி பெட்டர்சனைத் தந்தார். எல்லோரையும் மிஞ்சியவர் யோவான். யோஹான்னஸ் என்ற அந்த ஒரே பெயர் யோஹான், யோன், யான், ஹான்ஸ், யொன்ஸ் என்று வாய்க்கு வாய் திரிந்து, யோஹான்சன், யோஹான்னசன், யோன்சன், யான்சன், ஹான்சன், யொன்சன் என ஆறு குடும்பப் பெயர்களைப் பெற்றுப்போட்டது. கடைசியாகச் சொன்னது தெற்கே ஸ்கோனே மாகாணத்தின் தனி முத்திரை. 1658 வரை அந்த மண் டென்மார்க்கிடம் இருந்தது.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய வடபுலப் பெயர்களில் எரிக்கும் ஊலொஃபும் முன்வரிசையில் தாக்குப்பிடித்ததற்கும் திருச்சபைதான் ஒரு காரணம். இரண்டு பெயரிலும் ஆளுக்கொரு அரசர் புனிதர் ஆகிவிட்டார். ஸ்வீடனின் எரிக் ஒருவர்; 1030-இல் போர்க்களத்தில் விழுந்த நார்வேயின் ஊலாவ் மற்றவர். ஸ்வென் என்ற சொல்லுக்கு இளைஞன், பையன் என்று பொருள், ஆகவே ஸ்வென்சன் ‘பையனின் மகன்’. இன்று ஸ்வீடியர்கள் நடுத்தர வர்க்கச் சராசரி ஆளைக் குறிப்பதும் இந்தப் பெயரால்தான். ‘வில்லா, வோல்வோ, வொவ்வே’, அதாவது சொந்த வீடு, வோல்வோ கார், ஒரு நாய், இந்த மூன்றும் வாய்த்துவிட்டால் அவர் அசல் ஸ்வென்சன் என்பது அங்கே பழகிப்போன கேலி. கார்லும் குஸ்தாவும் அரசர்களின் பெயர்கள். குடியானவர் வீடுகளில் அவை பரவலானது பின்னாளில், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில். ஆகவே கார்ல்சனும் குஸ்தாவ்சனும் இன்று முதல் பத்தில் இருப்பதே, பெரும்பாலான குடும்பங்களில் பெயர் எவ்வளவு தாமதமாக நிலைத்தது என்பதற்குத் தடயம். குடும்பப் பெயர்ப் பட்டியல் என்று நாம் படிப்பது, உண்மையில் 19-ஆம் நூற்றாண்டு அப்பாக்களின் பெயர்ப் பட்டியல்.

பெயர் கையிருப்பு இவ்வளவு குறைவாக இருந்தால் குழப்பம் வராமல் இருக்குமா? 1686-இன் திருச்சபைச் சட்டம் பாதிரியார்களைப் பதிவேடு வைக்கச் சொன்னது. ஞானஸ்நானம், திருமணம், சாவு மட்டுமல்ல. வீடு வீடாக யாருக்கு வேதபாடம் எவ்வளவு தெரியும் என்று சோதித்த கணக்கும் அதில் ஏறியது. ஒரு சின்ன வட்டாரத்தில் இரண்டு மூன்று ஆண்டர்ஸ் ஆண்டர்சன்கள் இருப்பது சகஜம். அதனால் பண்ணைவாரியாகப் பக்கம் ஒதுக்கி எழுதினார்கள். தாலார்னா மாகாணத்தில் மக்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பண்ணையின் பெயரை முன்னால் வைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற விவசாயி-அரசியல்வாதி லிஸ் ஊலொஃப் லார்சன் நல்ல உதாரணம். லிஸ் பண்ணை, ஊலொஃப் ஆள், லார்ஸ் அப்பா. நம்மூர் வழக்கத்தோடு இதைவிட நெருங்கிய வேறொரு ஐரோப்பியப் பெயர்முறையைக் காட்டுவது கடினம்.

பட்டாளத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. பதினொன்றாம் கார்ல் 1682 முதல் அமைத்த ஏற்பாட்டின்படி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைக் கொடுத்து அவருக்குக் குடிசையும் துண்டு நிலமும் தர வேண்டும். அணிவகுப்பில் ‘ஆண்டர்சன்!’ என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பினால் என்ன செய்வது? ஆளுக்கொரு குட்டைப் பெயர் சூட்டினார்கள்: சுறுசுறுப்பு என்று பொருள்படும் ராஸ்க், துணிச்சலைக் குறிக்கும் மூடிக், கேடயத்தைக் குறிக்கும் ஷொல்ட், எஃகைக் குறிக்கும் ஸ்டோல். பெயர் பெரும்பாலும் ஆளைச் சேர்ந்ததல்ல, குடிசையைச் சேர்ந்தது. ஒருவர் போய் அடுத்தவர் வந்தால் குடிசையோடு பெயரும் கைமாறும். அடுத்தடுத்து இரண்டு ராஸ்க்குகள் வந்தார்கள் என்பதற்காக அவர்களுக்குள் ரத்த உறவு என்று நினைத்துவிடக் கூடாது.

மேல்தட்டினர் எப்போதோ வேறு பாதைக்குத் திரும்பிவிட்டார்கள். 1626-இல் பிரபுக்கள் அவை முறைப்படி அமைந்தபோது ஒவ்வொரு குலத்துக்கும் நிலையான பெயர் தேவைப்பட்டது. பலருக்குக் கேடயச் சின்னமே கைகொடுத்தது. லேயோன்ஹூவுட் என்றால் சிங்கத்தலை, ஊக்சென்ஷார்னா என்றால் எருது நெற்றி. படித்தவர்கள் லத்தீனையும் கிரேக்கத்தையும் நாடினார்கள். தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த கார்ல் லின்னேயஸின் அப்பா, குடியானவர் வீட்டில் நில்ஸ் இங்கெமார்சன் என்று வளர்ந்தவர். பல்கலைக்கழகம் போகும்போது குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்ட் மரத்தின் நினைவாக லின்னேயஸ் என்று சூட்டிக்கொண்டார். அதே மரத்தை வைத்து உறவினர்களில் ஒரு கிளை லிண்டேலியஸ் ஆனது. இன்னொரு கிளை அம்மரத்தின் லத்தீன் பெயரான டிலியாவைப் பிடித்து டிலியாண்டர் ஆனது. ஒரு மரம், மூன்று குடும்பப் பெயர்! ஸ்கோனேயில் நொப்பெலொவ் என்ற ஊரில் பிறந்த பேதுரு, ஊலொஃபின் மகன், உப்சாலாவில் படிக்கப் போய் பெட்ருஸ் ஊலாய் நொபேலியஸ் ஆனார். பின்வந்தவர்கள் வாலை நறுக்கினார்கள். ஆல்ஃபிரட் நோபலின் பெயர், ஊர்ப்பெயரின் மிச்சம். நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் இயற்கையிலிருந்து இரண்டு சொல் எடுத்து ஒட்டினார்கள்: லிண்ட்பெரி என்றால் லிண்ட் மரமும் மலையும், சொபெரி என்றால் ஏரியும் மலையும். அப்படி ஒரு மலையும் ஏரியும் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, பண்ணைகளில் மிச்சம் இருந்த பெருங்கூட்டம்தான் ‘சன்’களும் ‘டொட்டர்’களும். அவர்களுடைய பெயர் எப்போது நின்றது என்பதற்கு ஒரே தேதி சொல்ல முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘மானிட்டர்’ என்ற இரும்புக் கப்பலைக் கட்டிக்கொடுத்த பொறியாளர் யோன் எரிக்சன் 1803-இல் வார்ம்லாந்தில் பிறந்தார். அப்பா ஊலொஃப் எரிக்சன். பழைய முறைப்படி மகன் ஊலொஃப்சன் ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஓவியர் கார்ல் லார்சன் 1853-இல் ஸ்டாக்ஹோமின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தார். அவர் அப்பாவும் லார்ஸ் இல்லை, ஊலொஃப் லார்சன். சுரங்கம், இரும்பாலை, நகரம் எங்கெல்லாம் நுழைந்ததோ அங்கெல்லாம் பெயர் முதலில் உறைந்தது. கிராமங்களில் அரை நூற்றாண்டு பிந்தியது.

அரசு 1901-இல் குடும்பப் பெயர்களுக்கென்று ஒரு ஆணை கொண்டுவந்தது. பரம்பரையாக வரும் ஒரு பெயர் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயருக்கு அதில் இடம் சுருங்கியது. பெரும்பாலான வீடுகளில் புதுப்பெயர் தேடவில்லை. அன்றைக்குக் குடும்பத் தலைவரிடம் என்ன பெயர் இருந்ததோ அதையே பிள்ளைகளுக்கும் எழுதினார்கள். டென்மார்க் 1828-இலேயே இந்தத் திசையில் ஆணை போட்டிருந்தது. நார்வே 1923-இல் சட்டம் கொண்டுவந்தது. ஐஸ்லாந்து மட்டும் நேரெதிர்: 1925 சட்டத்தில் புதிய குடும்பப் பெயர்களுக்கே தடை போட்டுத் தகப்பன் பெயர் முறையைக் காப்பாற்றிக்கொண்டது. அங்கே தொலைபேசிப் புத்தகம்கூடச் சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் அச்சாகி வந்தது.

இந்த உறைதலில் பெரிதாக இழந்தவர்கள் பெண்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லார்ஸ்டொட்டர் மெல்ல லார்சன் ஆனாள். மகள், பெயரில் மகன் ஆனாள். 1920-இன் திருமணச் சட்டம் மனைவி கணவரின் பெயரைத்தான் ஏற்க வேண்டும் என்றது. 1963-இன் பெயர்ச் சட்டம் வரும்வரை அந்தக் கட்டாயம் நீடித்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் எந்த ஏழைக் குடியானவப் பெண்ணும் சாகும்வரை சொந்தத் தகப்பனின் பெயரோடு இருந்தாள் என்பதை நினைத்தால், நவீனச் சட்டம் யாருக்கு என்ன கொடுத்தது என்று கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உறைந்ததும் பழைய குழப்பம் பெரிதாகத் திரும்பி வந்தது. பண்ணைப் பெயரும் போய், ஒரே தெருவில் கடிதங்கள் வீடு மாறிப் போக, ‘சன்’னைக் கைவிட்டு ஓடியவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஏராளம். கொல்லர் ஒருவரின் மகனான ஆசிரியர் எர்லாண்ட்சன் என்ற பெயரின் வாலைத் திருத்தி எர்லாண்டர் ஆக்கிக்கொண்டார். அவர் மகன் டாகே எர்லாண்டர் 23 ஆண்டுகள் பிரதமராக இருந்தார். அவருக்கு முன் பிரதமராக இருந்த பேர் அல்பின் ஹான்சன், கொத்தனார் மகன், பெயரை மாற்றவே இல்லை. கிரேட்டா குஸ்தாவ்சன் கார்போ ஆகாமல் இருந்திருந்தால் ஹாலிவுட் சுவரொட்டி எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கு விடலாம். இவர்களுக்கெல்லாம் முன்னோடி, ஸ்கோனே விவசாயியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஊலா மோன்சன். வங்கிப் பண விவகாரத்தில் சிக்கி 1859-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போன அவர், அங்கே ஆகஸ்ட் லிண்ட்பெர்க் ஆனார். 1927-இல் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து பறந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க் அவருடைய பேரன். மோன்ஸுக்கும் அந்த விமானத்துக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பெயரை மட்டும் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்றைய ஸ்வீடனில் இதே கதை வேறு மொழிகளிலும் நடக்கிறது. மால்மோவில் பிறந்த கால்பந்து வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் பெயரும் இப்ராஹிமின் வழிவந்தவர் என்றே சொல்கிறது. அவர் அப்பா ஷெஃபிக். ஸ்காண்டிநேவியாவில் குடியேறிய ஈழத்தமிழர் பலர் கடவுச்சீட்டில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதினார்கள். அது அப்படியே பிள்ளைகளுக்கும் இறங்கி, தாத்தாவின் பெயர் பேரனின் குடும்பப் பெயர் ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் லார்சன்களுக்கு நேர்ந்தது அச்சு அசலாக இதுதான்.

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பெயர்ச் சட்டம் கதவைத் தாராளமாகத் திறந்துவிட்டது. 2,000 பேருக்கு மேல் வைத்திருக்கும் எந்தக் குடும்பப் பெயரையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா அல்லது அம்மாவின் சொந்தப் பெயரோடு ‘சன்’ அல்லது ‘டொட்டர்’ சேர்த்தும் பெயர் வைக்கலாம். விண்ணப்பிக்க வேண்டிய இடம் வரித்துறை. நூறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ‘டொட்டர்’ பெயர்களை விரும்பிச் சூடும் இளம்பெண்கள் அங்கே இப்போது உண்டு.

தம் பெயரின் ஆண்டர்ஸ் யார் என்று தேடிப் போகிறவர்களுக்கு வேலை கொஞ்சம் கடினம்தான். தேசிய ஆவணக் காப்பகம் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பின்னோக்கிப் போய், ஆண்டர்ஸ் என்ற சொந்தப் பெயர் கொண்ட ஒருவர் உண்மையிலேயே அப்பாவாக வரும் பக்கத்தைக் கண்டுபிடித்ததும் குடும்பப் பெயர் உதவாமல் போய்விடும். ஏனென்றால் அந்த ஆண்டர்ஸ் வேறொரு பெயர்க்காரர். பேர்சனாகவோ ஊல்சனாகவோ இருப்பார். அங்கிருந்து பண்ணையின் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் நகர வேண்டும். ஒரே வட்டாரத்தில் ஒரே வயதில் இரண்டு லார்ஸ் ஆண்டர்சன்கள் குறுக்கிட்டால், அனுபவப்பட்டவர்கள் அடுத்த வரியில் இருக்கும் மனைவியின் பெயரைப் பார்ப்பார்கள்: ஒருவர் வீட்டில் பேர்ஸ்டொட்டர், மற்றவர் வீட்டில் நில்ஸ்டொட்டர்.